சேலத்தில் குழந்தைக்கு இஇஜி எடுத்தோம்: டெக்னீஷியனுக்கு முழு மார்க், ரிசப்ஷனுக்கு முட்டை

எங்கள் மகளுக்கு எட்டு வயது. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று சில நொடி அப்படியே நின்றுவிடுவாள். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் பதில் வராது. அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். பள்ளியில் "கவனமே இல்லை" என்றார்கள்; நரம்பியல் டாக்டர் இஇஜி, அதாவது மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் சோதனை, எழுதிக் கொடுத்தார். குறையும் சொல்லப் போவதால் லேப் பெயர் வேண்டாம்.

போனில் நேரம் கொடுத்த பெண் "காலையில வந்துடுங்க" என்று வைத்துவிட்டார். ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்திருக்க வேண்டும், எண்ணெய் கூடாது, இரவுத் தூக்கத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் பட்டினி போடக்கூடாது. இவ்வளவும் டாக்டர் சீட்டில் எழுதித் தந்ததால்தான் எங்களுக்குத் தெரியும். ஆத்தூரிலிருந்து வந்த ஒரு பாட்டி, பேரனுக்கு எண்ணெய் வழிய வழியத் தலை வாரிக் கூட்டி வந்திருந்தார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அநியாயம். நாங்களும் ஏற்காட்டிலிருந்து இறங்கியவர்கள்தான். 20 கொண்டை ஊசி வளைவிலும் பிள்ளையைத் தூங்கவிடாமல் கொண்டு வருவது என்ன பாடு என்று அந்த ரிசப்ஷனுக்குத் தெரியாது.

டெக்னீஷியன் பெண் தங்கம். நாடாவால் தலையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி 21 மின்முனைகளை ஒட்டினார். "ஷாக் அடிக்குமா?" என்றாள் மகள். "நாங்க கரண்ட் குடுக்கறதில்ல கண்ணு, உன் மூளையில ஓடறதத்தான் பாக்கறோம்." ஓடுவதும் மைக்ரோவோல்ட் கணக்குதான், டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. எண்ணெய்ப் பிசுக்கும் தலை அசைவும் ஆகாது என்பது அதனால்தான்.

கண்ணை மூடச் சொன்னதும் திரையில் பின்னந்தலைக்கான கோடுகளில் ஆல்ஃபா அலை என்கிற சீரான அலை வந்தது, திறந்ததும் மறைந்தது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் முதன்முதலில் மனித மூளையின் மின்னலையைப் பதிவு செய்தார்; 1929-ல் அவர் வெளியிட்டபோது பலர் நம்பவில்லையாம். எனக்கே நேரில் பார்த்துத்தான் நம்பிக்கை வந்தது.

அப்புறம் மூன்று நிமிடம் காகிதக் காற்றாடியை விடாமல் ஊதச் சொன்னார். ஆழ்ந்து மூச்சுவிட்டால் ஒளிந்திருப்பது வெளியே வருமாம். பாதியில் காற்றாடி நின்றது. திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே சமயத்தில் எகிறின, நொடிக்கு மூன்று என்ற கணக்கில். அந்த நேரம் பார்த்து "யானை" என்றார் டெக்னீஷியன். மகள் தெளிந்ததும், "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. நான் கேட்டதற்கு, "டாக்டர்தான்க்கா சொல்லணும்" என்று முடித்துக்கொண்டார். அதுவும் சரிதான்.

டாக்டர் பிறகு விளக்கினார்: அந்த மின் கிளர்ச்சி ஒரே இடத்தில், உதாரணமாக இடது பொட்டுப் பக்கத்து முனைகளில் மட்டும் கிளம்பியிருந்தால் அது வேறு வகை; எம்ஆர்ஐயும் பார்த்திருப்பார்கள். இவளுக்கு இரு பக்கமும் சேர்ந்தே வந்ததால் ஆப்சன்ஸ் வலிப்பு, அதாவது சில நொடி நினைவு தப்பி அப்படியே நிற்கும் வகை. மருந்தும் அதற்குத் தகுந்தது.

மாலையில் ரிப்போர்ட் என்றார்கள், மறுநாள்தான் தந்தார்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பணம் கட்டும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். தலையில் ஒட்டிய பசை வெந்நீரில் அலசினால் போய்விடும்.