கியர்பாக்ஸ் மேல் சந்தேகமா? ஓட்டிப் பார்ப்பதா, ஸ்கேனரா, ஆயிலா

65 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடி போகும்போது என் காரில் ஒரு உதறல். சுங்கச்சாவடிக்கு முன்னால் வரிசையாகப் போட்டிருக்கும் சின்ன மேடுகளில் ஏறி இறங்குவது மாதிரி இரண்டு விநாடி தடதடக்கும், அப்புறம் அடங்கிவிடும். டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் அது, அதாவது இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வகை. பட்டறையில் காரை நகர்த்திக்கூடப் பார்க்காமல், "கியர்பாக்ஸை இறக்கணும் சார்" என்றார்கள். இறக்கிவிட்டால் பேச்சே லட்சத்தில்தான்.

கோளாறைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள்: ஓட்டிப் பார்ப்பது, ஸ்கேனர், கியர்பாக்ஸ் ஆயில். இது ஒன்றே போதும் என்று ஒவ்வொன்றுக்கும் வக்காலத்து வாங்க ஆள் உண்டு.

நான் முதலில் செய்தது ஓட்டிப் பார்ப்பது, செலவே இல்லை. பின்னால் வண்டி வராத காலிச் சாலையில் உதறல் வரும் நேரம் பார்த்து, ஆக்ஸிலேட்டரை எடுக்காமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பெடலைத் தொட வேண்டும். பெரும்பாலான கார்களில் அந்த சிக்னல் போனதும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் பிடியை விட்டுவிடும். தொட்டேன், உதறல் நின்றது. சரி, கன்வெர்ட்டர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். லாக்-அப் பிடித்திருக்கும்போது இன்ஜினும் கியர்பாக்ஸும் நேராகப் பிணைந்திருக்கும். இன்ஜினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் அடித்தாலும் அந்த அதிர்வு குறையாமல் சீட்டுக்கு வரும். பிடி விட்டால், நடுவில் சுழலும் ஆயில் அதை விழுங்கிவிடும். அதனால் பிரேக் தொட்டு உதறல் நின்றாலும், குற்றவாளி கன்வெர்ட்டராகவும் இருக்கலாம், இன்ஜினாகவும் இருக்கலாம்.

இங்கேதான் ஸ்கேனர் வேண்டும். ஆனால் எந்த ஸ்கேனர்? ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கணினியோடு மட்டும்தான் பேசும். அதில் பி0700 என்ற கோடு (பழுதுக் குறியீடு) வந்தால் அது நோயின் பெயர் அல்ல; கியர்பாக்ஸ் கணினியிடம் ஒரு புகார் இருக்கிறது, போய்க் கேள் என்று அர்த்தம். பி0741 வந்தால் லாக்-அப் சரியாகப் பிடிக்கவில்லை என்ற புகார். என் காரில் எந்தக் கோடும் வரவில்லை. கோடு இல்லாததாலேயே பழுதில்லை என்று ஆகிவிடாது. கணினி வைத்திருக்கும் வரம்பை எதுவும் இன்னும் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

வேறொரு பட்டறைக்காரர் தன் பெரிய ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். உதறல் வந்தபோது கன்வெர்ட்டர் ஸ்லிப் எண், அதாவது கன்வெர்ட்டரின் இரு பக்கச் சுழற்சி வேகத்துக்கும் உள்ள வித்தியாசம், பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. மூன்றாவது சிலிண்டரின் மிஸ்ஃபயர் கணக்கு மட்டும் ஏறியது. ஒரு இக்னிஷன் காயில் மாற்றினோம், தீர்ந்தது. ஸ்லிப் எண் அந்த நேரத்தில் ஏறி இறங்கியிருந்தால் கதை வேறு. அப்போதும்கூட கியர்பாக்ஸை இறக்கும் முன் சரியான ரக ஆயிலை மாற்றிப் பார்ப்பேன். பழைய ஆயிலால் வரும் லாக்-அப் உதறல் அதிலேயே நிற்பதுண்டு.

ஆயிலை முகர்ந்து பார்ப்பது மூன்றில் பழைய வழி. கருகல் வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தேய்ந்து சூடேறியிருக்கிறது. பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட் உள்ளே போயிருக்கிறது. வண்டியை எடுக்கவே கூடாது. நிறம் கறுத்திருப்பதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். தவிர, இன்று பல கார்களில் ஆயில் அளக்கும் குச்சியே கிடையாது. சிவிடி (கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் கொண்ட ஆட்டோமேட்டிக்) என்றால் ஆயில் பேனைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது சகஜம். கையில் குத்தும் உலோகச் சில்லு இருந்தால் பெல்ட்டோ புல்லியோ போய்க்கொண்டிருக்கிறது.

ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்ச்சையும் கியரையும் கருவியே இயக்கும் வகை) கார்களில் ஆயிலை முகர்ந்து பயனில்லை, ஏனென்றால் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருக்கிறது. போலோ ஜிடி டிஎஸ்ஐயில் வந்த 7 கியர் டிஎஸ்ஜி போன்ற உலர் இரட்டைக் கிளட்ச் வகையிலும் அப்படித்தான். ஏஎம்டியை மேனுவல் மோடில் நாலாவது கியரில் போட்டு, 40 வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஊர்ந்து ஏறி வந்தபின் கிளட்ச் வாடை அடித்தால் மட்டும் பயப்பட வேண்டாம். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இந்த இரண்டு வகையிலும் கியர் எச்சரிக்கை வரும், முதலில் அதை அளந்துவிடுங்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்கள் போகும்போதே பானட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆர்-இலோ டி-இலோ போட்டு, இரண்டு விநாடிக்கு மேல் காத்திருந்து பிடிக்கிற டார்க் கன்வெர்ட்டர் வண்டி, சூடான பின் கோளாறைக் காட்டாமல் நல்ல பிள்ளையாக ஓடும்.