"ஒன்பது இஞ்சுக்குக் கீழேதானே" என்று சொல்லி என் தலையில் கட்டிய பட்டன் கத்தி

மார்த்தாண்டம் பக்கம் எனக்குச் சின்ன இரும்புக்கடை. ரப்பர் பால் வெட்டுகிற கத்தி, வெட்டுக்கத்தி, மம்பட்டி, அரிவாள் எல்லாம் உண்டு. கூடவே நம்ம ஊரில் பிச்சாத்தி என்று சொல்கிற மடக்குக் கத்தியும். இந்த பிச்சாத்தியைத்தான் ஒரு வருஷமாக வாட்ஸ்அப்பில் படம் போட்டு வெளியூருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் பட்ட அடியைச் சொல்கிறேன். இதே தொழிலில் இருக்கிறவர்கள் பணம் கட்டுமுன் வாசித்துவிடுங்கள்.

வடக்கே ஒரு மொத்த வியாபாரி. தமிழ் நன்றாகப் பேசுவார். நகம் வைத்துத் திறக்கிற சாதாரண மடக்குக் கத்தி என்று படம் அனுப்பினார். ஒன்று 240 ரூபாய், 30 கத்திக்கு 7,200 முன்பணமாகக் கட்டினேன். பெட்டியைப் பிரித்தால் பிடியில் ஒரு பட்டன். அமுக்கினால் சடக்கென்று அலகு வெளியே வந்து நிற்கிறது. போன் போட்டால், "இது புது மாடல் அண்ணே, இன்னும் வேகமா விக்கும். ஒன்பது இஞ்சுக்குக் கீழே எதுக்கும் லைசென்ஸ் வேண்டாம், இந்தியா முழுக்க அனுப்பலாம்" என்றார்.

அந்த ஒன்பது இஞ்சுக் கதை முழுப் பொய்யும் அல்ல, அதுதான் வில்லங்கம். ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் உள்ள விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை அதில் சேராது. அதனால்தான் ஓலை வெட்டுகிற வெட்டுக்கத்தியை எவ்வளவு நீளத்தில் விற்றாலும் நம்மை யாரும் கேட்பதில்லை. ஆனால் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, குறிப்பிட்ட பகுதிக்கென்று தனி அறிவிக்கை போட இடம் கொடுக்கிறது. தில்லியில் 1980-லேயே ஒன்று போட்டாயிற்று. சுருள்வில்லிலோ பட்டனிலோ வேறு விசையிலோ திறக்கிற கத்தி, அலகு நீளம் 7.62 செ.மீ., அகலம் 1.72 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், லைசென்ஸ் இல்லாமல் அங்கே செய்யவோ விற்கவோ விற்பனைக்கு வைத்திருக்கவோ கூடாது. 7.62 என்றால் மூன்றே இஞ்ச். ஒன்பதுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் நான் விழுந்தேன்.

தில்லியில் ஒரு கடைக்காரர் பத்து கேட்டார். கத்தி ஒன்று 420, மொத்தம் 4,200 ரூபாயும் அனுப்பிவிட்டார். கூரியர் புக்கிங் எடுக்கிற பையனிடம் உள்ளே கத்தி என்று வாய்விட்டுத்தான் சொன்னேன். "ஒண்ணும் பயப்படாண்டாம் அண்ணே, நான் பாத்துக்கிடுதேன்" என்று ரசீதில் அவனே கிச்சன் ஐட்டம் என்று எழுதினான். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது என் மடத்தனம். ஆறு நாள் கழித்து பார்சல் அங்கே நிறுத்தப்பட்டதாகத் தகவல். "பொருளை மாற்றிச் சொன்னது நீங்கள், கையெழுத்து உங்களுடையது" என்றது கம்பெனி. பையன் போனை எடுக்கவே இல்லை. பார்சல் திரும்பி வரவில்லை. தில்லிக்காரருக்கு 4,200-ஐயும் திருப்பிக் கொடுத்தேன். போலீஸ் வரை போகாததே பெரிய காரியம் என்று தெரிந்த வக்கீல் ஒருத்தர் சொன்னார்.

மொத்த வியாபாரிமேல் நுகர்வோர் புகார் கொடுக்கலாம் என்று 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடப் போனேன். அதற்கும் அந்த வக்கீல்தான் குறுக்கே நின்றார்: மறுபடி விற்க வாங்கினவன் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் இல்லையாம். வீட்டுக்கு ஒரு கத்தி வாங்கி ஏமாந்தவருக்கு உள்ள வழி கடைக்காரனுக்கு இல்லை. இனி முன்பணம் கட்டுமுன் ஒரு கத்தியை மட்டும் வரவழைத்து, திறந்து பார்த்து, ஸ்கேல் வைத்து அளந்துதான் மிச்சம். வந்ததை அப்போதே அளந்திருந்தால் 9 செ.மீ. என்று தெரிந்திருக்கும். அளந்தேன், பார்சல் போன பிறகு.

வெளிநாட்டு ஆர்டர் வந்தால் இன்னும் ஜாக்கிரதை. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிற சொந்தக்காரப் பிள்ளை ஒன்று அவள் வீட்டுக்காரருக்கென்று கேட்டாள். நல்ல வேளை, விசாரித்தேன். மூன்று அங்குலத்துக்கு மேல் போகாத, திறந்ததும் அலகு விறைத்துப் பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைத்தான் அங்கே காரணம் கேட்காமல் வெளியே கொண்டுபோக விடுவார்கள். பட்டன் கத்தியை 2021 முதல் சொந்த வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். பிரியமாக அனுப்பிய பொருளுக்கு அந்தப் பிள்ளை பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

தபாலோ கூரியரோ, ரசீதில் 'மடக்குக் கத்தி' என்றே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் எடுக்க மாட்டோம் என்றால் பார்சலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். எழுதாமல் எடுக்கிறேன் என்று சொல்கிறவனிடம்தான் நான் மாட்டினேன். முனையும் வாயும் வெளியே தெரியாதபடி கட்டியாகப் பொதிய வேண்டும், அது தனி.

மிச்சம் இருபது கத்தி பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. விற்கவும் மனமில்லை, கொல்லப்பட்டறையில் கொடுத்தால் உருக்கு மட்டம், எடுக்க மாட்டோம் என்கிறார்கள். அந்த வியாபாரி நேற்றும் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். நகம் வைத்துத் திறக்கிற அதே படம். கீழே, 'இந்தியா முழுவதும் டெலிவரி'.