ஓகஸ்டில் பார்த்து வாங்கிய வீட்டு வான்

உள்ளே கட்டில், குசினி எல்லாம் பூட்டிய பாவித்த வான் வாங்க உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் யாராவது போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கமுன் இதை வாசியுங்கள்.

2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்கள் விற்ற விலை தெரியும்தானே. அதனால் கட்டில், சிங்க், சோலர் தகடு சகிதம் ஒரு டொல்பின் வான் (பழைய ரொயோட்டா ஹைஏஸ்) 74 லட்சம் என்றதும் மலிவாகத்தான் தெரிந்தது. சீசனுக்கு வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடலாம், மற்ற நாளில் நாங்கள் சுற்றலாம் என்று கணக்குப் போட்டேன்.

பார்க்கப் போனது ஓகஸ்டில். ஓகஸ்டில் திருகோணமலையில் பெரிய மழை ஏது? உள்ளே புது வார்னிஷ் மணம். “இப்பதான் அடிச்சனான் அண்ணை” என்றார் விற்றவர். ஏன் அடித்தார் என்பது நவம்பர் மழையில் விளங்கியது. கூரையில் காற்றாடிக்கு வெட்டிய ஓட்டையைச் சுற்றிப் பூசிய சிலிக்கன் வெடித்திருந்தது. தலையில் சொட்டியிருந்தால் முதல் மழையிலேயே கண்டிருப்போம். தண்ணீர் பலகைக்குப் பின்னால் வழிந்து, கட்டிலுக்குக் கீழே பிளைவுட்டுக்குள் தங்கிவிட்டது. விரலால் குத்தினால் தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க் மாதிரி உள்ளே போகிறது.

கராஜுக்குக் கொண்டுபோனேன். பாஸ் வானை உயர்த்தி, அடியில் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது தகரமில்லை, பட்டி” என்றார். வருசக்கணக்காகக் கடற்கரை மணலில் நின்ற வான். கறளைச் சுரண்டாமலே பட்டிப் பசையை அப்பி, மேலால் கறுப்பு அடித்திருக்கிறார்கள். 100 லீற்றர் தண்ணீர்த் தாங்கி என்றால் 100 கிலோ. அதை ஒரு பக்கமாகவே வைத்திருந்ததால் பின் ஸ்பிரிங்கும் அந்தப் பக்கம் இறங்கிக் கிடந்தது.

ரயர் பூ நன்றாக இருந்ததில்தான் நான் ஏமாந்தேன். இப்படியான வான் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், பூ தேயாது, றப்பர் மட்டும் கிழடாகும். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். என்னுடையதில் 1514, அதாவது 2014ஆம் ஆண்டின் 15ஆம் கிழமை.

அடித்தகரமும் வெல்டிங்கும் 2 லட்சத்து 85 ஆயிரம், கூரையும் மரவேலையும் 1 லட்சத்து 60, நாலு ரயர் 1 லட்சத்து 70, உள் பற்றரி 95 ஆயிரம். மொத்தம் 7 லட்சத்து 10 ஆயிரம். அலைச்சல் வேறு. பாசுக்கு மரவேலை தெரியாது, தச்சருக்கு வான் குலுங்கும் என்பது தெரியாது. அவர் ஆணியடித்துப் பூட்டிய அலுமாரி கந்தளாய் தாண்டமுன் கழன்று விழுந்தது.

காஸ் விசயம் வேறு. சிலிண்டர் இருந்தது கட்டிலுக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழேதான் தேங்கும். வெளியேற அடியில் ஒரு துளைகூட இல்லை. பிள்ளைகளோடு இரண்டு இரவு அதன்மேல் படுத்திருக்கிறோம்.

பிறகுதான் சி.ஆர். புத்தகத்தை, அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தை, ஒழுங்காகப் பார்த்தேன். அதில் இன்னும் 14 ஆசனம். உள்ளே இருப்பது இரண்டு. மாற்றம் எதுவும் பதியப்படவில்லை. காப்புறுதிக்காரரும் உள்வேலைக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றுவிட்டார்.

விற்றவருக்குப் போன் அடித்தேன். “பாத்துத்தானே அண்ணை வாங்கினீங்கள்” என்றார். அப்புறம் போன் எடுப்பதில்லை.

போகத்தான் போகிறீர்கள் என்றால் மாரியில் போங்கள். கோடையென்றால் கூரையில் பத்து வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். என்னுடைய வான் முற்றத்தில் படங்கு மூடி நிற்கிறது, வயரிங் வேலை இன்னும் தொடங்கவில்லை.