பினாங்கில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு: வெண்டிலேட்டர் சிகிச்சை குறித்து என் மதிப்பீடு

நிமோனியா முற்றி ஏ.ஆர்.டி.எஸ். எனப்படும் கடும் மூச்சுத்திணறல் நிலைக்கு ஆளான என் சித்தப்பாவை, ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இதே நெருக்கடியில் நிற்கும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று அங்குக் கிடைத்த சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

வெண்டிலேட்டர் எனும் செயற்கைச் சுவாசக் கருவியின் குழாயைப் பொருத்தியவுடன் தாதி ஒருவர் அளவு நாடாவால் சித்தப்பாவின் உயரத்தை அளந்தார். அந்தச் சிறு செயலே இந்தப் பிரிவின் தரத்தை எனக்கு உணர்த்தியது. உடல் பருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை என்பதால், ஒவ்வொரு மூச்சுக்கும் செலுத்த வேண்டிய காற்றை உயரத்திலிருந்து கணித்த எடைக்கே, கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு அது சுமார் 370 மில்லிலிட்டர்தான். இவ்வளவு குறைவாகவா என்று சித்தி பதறியபோது, நீர் கோத்த நுரையீரலில் காற்று புகும் இடம் சிறிதளவே எஞ்சியிருக்கும், அதிகமாகச் செலுத்தினால் அந்த நல்ல பகுதியும் புண்ணாகிவிடும் என்று இரவுப் பணி மருத்துவர் தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். 2000-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறக்க, 6 மில்லிலிட்டர் பெற்றவர்களில் அது 31 விழுக்காடாகக் குறைந்தது. விலையுயர்ந்த கருவி பல இடங்களில் இருக்கலாம்; அதை அடக்கி இயக்கும் கைகளைத்தான் நான் இங்கே பாராட்டுகிறேன்.

ஆக்சிஜன் அளவு ஏறாமல் போனபோது அவரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஒருவர் தலைமாட்டில் நின்று குழாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஒரே குரலுக்குக் கட்டுப்பட்டு அவரைத் திருப்பியதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தோம். தொடர்ந்து 16 மணி நேரமாவது அப்படி வைத்திருந்தால் பலன் உண்டு என்பதை 2013-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியிருப்பதால், இடையில் திருப்பச் சொல்லி நாங்கள் கெஞ்சியும் அவர்கள் இணங்காதது சரியே. ஆனால் முகம் வீங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் அவரைப் பார்த்த சித்தி நிலைகுலைந்து போனார்.

கட்டண விவரம் கேட்ட பிறகே கிடைத்தது. அதைவிடப் பெரிய குறை, குழாயை எடுத்த பின் கை கால்கள் தளர்ந்து, குவளையைத் தூக்கவும் இயலாதிருந்தவருக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை தாமதமாகத் தொடங்கியதுதான். இங்கே சேர்ப்பவர்கள் அதை எப்போது தொடங்குவார்கள் என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைப்பது நல்லது.