அலெக்சாந்திரியாவின் மூன்று ஆயர்கள்: நான் ஏன் தியோனிசியுஸை எடுத்தேன்

எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் கூட்டம்) ஆதித் திருச்சபை ஆயர் ஒருவரைப் பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். ஊரை உடனே முடிவு செய்துவிட்டேன்: எகிப்தின் அலெக்சாந்திரியா. முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் தாண்டி, நைல் வழியாகப் போய்ச் சேர்ந்த துறைமுகம். நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை. ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் இழுபறி. சிரில், அத்தனாசியுஸ், தியோனிசியுஸ் என்று மூவர் கைவசம் இருந்தார்கள்.

சிரிலை (ஆயராக 412–444) முதலிலேயே ஒதுக்கினேன். மரியா ‘இறைவனின் தாய்’ என்பதற்காக 431இல் எபேசு பொதுச்சங்கத்தில் வாதாடி வென்றவர். மாதா பக்தி மிகுந்த எங்கள் பங்கில் நன்றாக எடுபடும். ஆனால் 415இல் தத்துவ அறிஞர் ஹைப்பேஷியாவை ஒரு கிறிஸ்தவக் கும்பல் கொன்றது இவர் ஆயராக இருந்தபோதுதான். அதில் இவருக்குப் பங்கு உண்டா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எபேசுக்குப் பிறகு அரண்மனைக்குத் தங்கமும் கம்பளங்களும் யானைத் தந்த நாற்காலிகளும் கையூட்டாகப் போன பட்டியல் வேறு இருக்கிறது. யாராவது இதைக் கிளப்பினால் இருபது நிமிடமும் அதற்கே போய்விடும். அவர் எழுதியதில் நான் படித்தது சில கடிதங்கள்தான், அதனால் இறையியலில் அவரை எடைபோட நான் ஆள் இல்லை.

அத்தனாசியுஸ் (328–373) பலமான போட்டி. 45 ஆண்டு ஆயர். ஐந்து முறை ஊரைவிட்டுப் போக வேண்டிவந்தது, கூட்டினால் சுமார் 17 ஆண்டு. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை இன்று நாம் வைத்திருப்பதுபோலப் பட்டியலிட்டது 367இல் அவர் எழுதிய பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) கடிதம். சுவையான வழக்குகளும் உண்டு. அர்சேனியுஸ் என்ற ஆயரைக் கொன்று, கையை வெட்டி மாந்திரீகம் செய்தார் என்று எதிரிகள் குற்றம் சாட்டினார்கள். அந்த அர்சேனியுஸோ இரண்டு கையோடும் உயிரோடு இருந்தார்! கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போகும் தானியக் கப்பல்களைத் தடுப்பதாக மிரட்டினார் என்று இன்னொரு புகார். அதற்குப் பிறகுதான் பேரரசர் கான்ஸ்டன்டைன் அவரை ட்ரியருக்கு (இன்றைய ஜெர்மனியில்) நாடுகடத்தினார். எல்லாம் சரி, ஆனால் இவரைச் சொல்ல, இறைமகன் தந்தைக்குச் சமம் இல்லை என்று போதித்த ஆரியுஸைச் சொல்ல வேண்டும், ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ ஏன் விசுவாச அறிக்கைக்குள் வந்தது என்று சொல்ல வேண்டும். பத்தாவது நிமிடத்தில் பாதிப்பேர் செல்போனை எடுத்துவிடுவார்கள்.

தியோனிசியுஸை (248–264) அவ்வளவாக யாருக்கும் தெரியாது. ஆனால் அவருடைய கடிதங்களில் ஊர் மனிதர்கள் நடமாடுகிறார்கள். அப்போது கொள்ளைநோய். முன்பு 40 முதல் 70 வயதுக்காரர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ, இப்போது 14 முதல் 80 வரை சேர்த்து எண்ணி அரசு தானியம் கொடுத்தாலும் அத்தனை பேர் தேறவில்லை என்று எழுதுகிறார். தன்னைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறார். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய நாட்களில் படைவீரர்கள் தன்னைப் பிடித்துப்போய் வைத்திருந்த இடத்துக்கு, கல்யாண விருந்தில் இருந்த கிராமத்து ஆட்கள் இரவில் கூச்சல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். வீரர்கள் ஓட்டம். கட்டிலில் கிடந்த ஆயரோ வந்தவர்களைத் திருடர்கள் என்று நினைத்துத் தன் உடையை எடுத்து நீட்டினார். தன்னை மீட்க வந்தவர்கள் என்று புரிந்ததும் ‘வரமாட்டேன்’ என்று அடம்பிடிக்க, அவர்கள் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, சேணம் இல்லாத கழுதைமேல் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

ஆனாலும் என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு. தவறிப் போனவர்களை என்ன செய்வது என்ற கேள்வி. 250இல் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று பேரரசர் தேசியுஸ் ஆணையிட்டபோது பலர் பயந்து பலியிட்டுவிட்டார்கள். அவர்களை மறுபடி சேர்க்கவே கூடாது என்றார் உரோமையில் நொவேஷியன் என்ற குரு. அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த அந்தியோக்கியா ஆயருக்குத் தியோனிசியுஸ் எழுதிய பதிலில் வாதம் மட்டும் இல்லை, ஒரு கிழவரின் கதை இருக்கிறது. செராப்பியோன் வெகுகாலம் ஒழுங்காக வாழ்ந்து, கடைசியில் பலியிட்டுவிட்டவர். மன்னிப்புக் கேட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்து, நாலாம் நாள் கண்விழித்துப் பேரனைக் குருவிடம் அனுப்பினார். இரவு நேரம், குருவுக்கும் உடம்பு சரியில்லை. சாகும் தறுவாயில் கேட்டால் மறுக்கக் கூடாது என்று ஆயர் ஏற்கெனவே சொல்லியிருந்ததால், நற்கருணையில் சிறு துண்டைப் பையனிடம் கொடுத்து, நனைத்து வாயில் விடச் சொன்னார். பையன் அப்படியே செய்தான். கிழவர் கொஞ்சம் விழுங்கினார், உயிர் போனது.

எங்கள் பங்கிலும் பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நன்மை (நற்கருணை) வாங்காமல் போகிறவர்கள் உண்டு. அவர்களை வைத்துக்கொண்டு பேச மூவரில் வேறு யாரும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மற்ற இருவருடைய எழுத்தும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, எதிரிகள் எழுதியதும் சேர்ந்து. தியோனிசியுஸை நாம் பெரும்பாலும் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியுஸ் எடுத்துக்காட்டிய துண்டுகளில்தான் பார்க்கிறோம், யூசேபியுஸுக்கோ தியோனிசியுஸ்மேல் பெரிய மரியாதை. நல்ல பக்கம் மட்டும் நமக்கு வந்திருக்கலாம்.

பேசி முடித்ததும் ஒரு பாட்டி கேட்டார், “அந்தப் பையன் பேர் என்னப்பா?” கடிதத்தில் பெயர் இல்லை என்றேன். “நடுராத்திரியில தனியாவா அனுப்புனாங்க?” என்றார்.