சொகுசுக் கைக்கடிகாரத்தோடு ஸ்கூபா: ஆழம் பிரச்சினை இல்லை, கிரவுனும் ரப்பரும்தான்

300 மீட்டர் என்று டயலில் அச்சிட்ட கடிகாரத்துக்கு 30 மீட்டர் டைவ் ஒரு பொருட்டே அல்ல. பொழுதுபோக்கு ஸ்கூபாவின் எல்லை 40 மீட்டர். அங்கே மொத்த அழுத்தம் 5 பார், அதாவது கடல்மட்டக் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ரோலெக்ஸ் சப்மரீனர், ஒமேகா சீமாஸ்டர் டைவர், பிளாங்பெயின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ், டியூடர் பெலகோஸ் என எதை எடுத்தாலும், நல்ல நிலையில் இருந்தால் இந்த ஆழத்தில் தோற்காது. கையை வேகமாக வீசினால் அழுத்தம் எகிறிவிடும் என்ற பேச்சும் கணக்குக்கு நிற்காது. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கையை வீசினாலும் (தண்ணீருக்குள் அப்படி வீசவே முடியாது) கூடுகிற அழுத்தம் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குச் சமம்.

டைவர் கடிகாரங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6425 குறைந்தது 100 மீட்டர் கேட்கிறது. குறிப்பிட்ட ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறது. ஆனால் அந்தச் சோதனை புதுக் கடிகாரத்துக்கு. ஐந்தாறு வருடம் வெயில், வியர்வை, சன்ஸ்கிரீன், வெந்நீர்க் குளியல் எல்லாம் பார்த்த ரப்பர் வளையத்தைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.

தண்ணீர் புகுந்த கடிகாரங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிரவுன், அதாவது சாவித் திருகு. காலையில் நேரமோ தேதியோ சரிசெய்துவிட்டு, திருகி மூடாமல் படகில் ஏறுவதுதான் வழக்கமான விபத்து. மூடும்போது முதலில் லேசாக அழுத்தி எதிர்த்திசையில் அரைச்சுற்று சுற்றுங்கள். மரை சரியாக விழுந்ததும் ஒரு சிறு 'டக்' விரலுக்குத் தெரியும். அதன்பிறகு மூடும் திசையில் திருகி, தடை வந்த இடத்தில் நிறுத்துங்கள். பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் உள்ளே இருக்கும் வளையம் நசுங்கி, சீக்கிரமே வேலை செய்யாமல் போகும். வழக்கத்தைவிட அதிகச் சுற்று கேட்டாலோ, நறநறவென்று மணல் உரசினாலோ, மரை பிடிக்காமல் வழுக்கினாலோ கிரவுனையும் அதன் குழாயையும் சேர்த்து மாற்றும் நேரம் வந்துவிட்டது. இவை மாற்றக்கூடிய பாகங்கள்தான்.

ரப்பர் வளையங்கள் கிரவுனில், பின்மூடியில், கண்ணாடியின் விளிம்பில் இருக்கின்றன. சூடும் ரசாயனமும் சேர்ந்தால் ரப்பர் இறுகி நெகிழ்வை இழக்கும். அடிக்கடி டைவ் போகிறவர்கள் வருடத்துக்கு ஒரு பிரஷர் டெஸ்ட் செய்தே ஆக வேண்டும். பின்மூடியைத் திறந்து எந்த வேலை பார்த்திருந்தாலும் உடனே ஒன்று. கடையில் முதலில் காற்றழுத்தத்தில் உலர் சோதனை செய்வார்கள். கடிகார உடல் எவ்வளவு நெளிகிறது, நெளிந்தது அப்படியே நிற்கிறதா என்பதை வைத்துக் கசிவு தெரியும். டைவுக்குப் போகிற கடிகாரத்துக்கு அதோடு நிற்காமல் நீர் சோதனையும் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஐஎஸ்ஓ தரத்திலேயே எளிய வழி உண்டு. கடிகாரத்தை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடியின் மேல் அறை வெப்பநிலைத் தண்ணீர் ஒரு சொட்டு விடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால், உள்பக்கம் பனி படிந்திருக்கக் கூடாது. கடலில் இறங்கியதும் பனி படிந்து, கரையேறியபின் மறைந்தால் 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். ஈரம் உள்ளேதான் இருக்கிறது. புகுந்தது உப்புநீர் என்றால் அன்றைக்கே வாட்ச்மேக்கரிடம் கொடுப்பது நல்லது. அரிசியில் புதைத்தால் ஈரம் கொஞ்சம் போகலாம், உப்பு போகாது. துருவைக் கிளப்புவது உப்பு.

இனி, இதை நம்பி டைவ் செய்யலாமா என்ற கேள்வி. கடிகாரம் காட்டுவது கழிந்த நேரம் ஒன்றை மட்டும். எவ்வளவு ஆழம், டிகம்ப்ரஷன் (மேலேறும் வழியில் கட்டாயமாக நின்று நின்று ஏறுவது) இல்லாமல் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், எவ்வளவு வேகமாக மேலேறுகிறோம் என்பதெல்லாம் டைவ் கம்ப்யூட்டரின் வேலை. டைவ் பயிற்சி அமைப்பான பேடியின் அட்டவணைப்படி அன்றைய முதல் டைவில் 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம். கடிகாரத்தை மட்டும் வைத்து டைவ் செய்ய வேண்டுமானால் கூடவே ஆழமானியும் இந்த அட்டவணையும் வேண்டும். அதிலும் டைவ் முழுவதையும் ஆக அதிக ஆழத்திலேயே கழித்ததாகக் கணக்கிட்டாக வேண்டும். நவீன டைவில் கடிகாரத்துக்கு நியாயமான இடம் மாற்றுக் கருவி என்பதுதான். கம்ப்யூட்டர் நடுவில் அணைந்துபோனால் டைவை அங்கேயே முடித்து, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாத வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் குறைந்தது 3 நிமிடம் நிற்க வேண்டும். அந்த 3 நிமிடத்தை அளக்க பெசல், அதாவது டயலைச் சுற்றியுள்ள நிமிடக் குறி போட்ட சுழல் வளையம், போதும். இறங்கத் தொடங்கும்போது பெசலின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைக்கும் பழக்கம் இருந்தால்தான் மொத்த நேரமும் கையில் இருக்கும். பெசல் ஒரு பக்கம் மட்டுமே சுற்றுவதால், எதிலாவது பட்டு நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது.

வாங்கும்போது யாரும் சொல்லாத ஒன்று: நீருக்குள் கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தால் டயலே தெரியாது. நேர்ப் பார்வையிலிருந்து சுமார் 48 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் ஒளி முழுவதும் திரும்பிவிடும். கண்ணாடி வெள்ளித்தகடு போல மின்னும். எவ்வளவு விலை கொடுத்தாலும் உள்ளே காற்று இருக்கிற கடிகாரத்தில் இது மாறாது. எண்ணெய் நிரப்பிய ஜின் யூஎக்ஸ் போன்ற ஒரு சிலதான் விலக்கு. மணிக்கட்டை முகத்துக்கு நேரே திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும்.

கடிகாரமே தொலைந்துபோவது பட்டையால். செயினைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்பிரிங் பின்களில் ஒன்று போனால் மொத்தமும் கடலுக்குள். நேட்டோ வகை ஒற்றைத் துணிப்பட்டை இரண்டு பின்களுக்கும் அடியில் ஓடுவதால், ஒரு பின் கழன்றாலும் கடிகாரம் கையிலேயே தொங்கும். பின்களுக்குள் உப்பு சேரும் என்பதால் வருடம் ஒருமுறை புதிதாகப் போடுங்கள். கடிகாரத்தின் விலைக்கு முன் அது ஒரு காசே அல்ல. வெட்சூட்டுக்கு (குளிர் தாங்கும் டைவ் உடைக்கு) மேலே கட்டினால் இன்னொரு தொல்லை: அந்த உடையின் நியோப்ரின் ரப்பர் ஆழத்தில் நசுங்குவதால், மேலே இறுக்கமாக இருந்த கடிகாரம் கீழே போனதும் மணிக்கட்டைச் சுற்றி ஆடும். சப்மரீனரின் கிளைட்லாக் கொக்கி 2 மி.மீ. படிகளில் 20 மி.மீ. வரை நீளும், ஆனாலும் ஆழத்தில் தானாகச் சுருங்காது. தானாகச் சுருங்கும் ஸ்பிரிங் கொக்கி பெலகோஸின் செயினில் உண்டு. அலையலையாக மடிப்பு உள்ள ரப்பர் பட்டையும் இதற்கு நல்ல தீர்வு.

சில டைவ் கடிகாரங்களில் இருக்கும் ஹீலியம் வால்வைப் பற்றி ஒரே வரி: அது நாட்கணக்கில் அழுத்த அறையில் தங்கும் சாச்சுரேஷன் டைவர்களுக்கானது, நமக்கு அது கசியக்கூடிய கூடுதல் ஓட்டை.

டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, ஊறும்போதே பெசலை நாலைந்து சுற்று சுற்றுங்கள். கிரவுன் மூடியே இருக்கட்டும். பெசல் இறுகிப்போவது பெரும்பாலும் அடியில் காய்ந்த உப்பாலும் மணலாலும்தான். படகில் வெயிலில் கிடந்து சுட்ட கடிகாரத்தை நேராகக் கடலுக்குள் கொண்டுபோகாமல் நிழலில் ஆறவிடுங்கள். ஆக்டோபஸை (அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது சுவாசக் கருவியை) தொங்கவிடும் காந்தப் பிடிப்புகளும் நீர்மூழ்கி ஸ்கூட்டரின் மோட்டாரும் மெக்கானிக்கல் கடிகாரத்தைக் காந்தமாக்கலாம். திடீரென்று நாளுக்கு நிமிடக்கணக்கில் வேகமாக ஓடினால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

கீறல் தவிர்க்க முடியாதது. டேங்க் வால்வு, படகின் ஏணி, வெயிட் பெல்ட் கொக்கி எல்லாம் எஃகைத் தொட்டுப்பார்க்கும். செராமிக் பெசல் கீறாது, ஆனால் வால்வில் ஓங்கி இடித்தால் விரிசல் விடும். டைவுக்காகவே புதிதாக ஒன்று வாங்க யோசிப்பவர்களுக்கு எங்கள் கருத்து: வேண்டாம். இந்தச் சொகுசுக் கடிகாரங்களில் ஒன்றுக்கு ஆகும் முழு சர்வீஸ் செலவிலேயே ஆரம்பநிலை டைவ் கம்ப்யூட்டர் ஒன்று வந்துவிடும். ஏற்கெனவே கையில் இருந்து, பிரஷர் டெஸ்டும் செய்திருந்தால் தாராளமாகக் கட்டிக்கொண்டு இறங்கலாம். பழைய விண்டேஜ் டைவ் கடிகாரங்களை மட்டும் வீட்டில் விடுங்கள். 200 மீட்டர் என்று டயலில் இருந்தாலும் அது அன்றைய எண். அதை மறுபடி நீர் புகாததாக்கக் கிரவுன், கண்ணாடி, குழாய் எல்லாம் மாற்ற வேண்டிவரும். மாற்றியதும் அந்தக் கடிகாரத்துக்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலை இறங்கிவிடும்.