டேனியல்ஸ் ஏஎஃப்எம்8 கிரிம்பிங் கருவி: கையெழுத்திடுபவரின் பார்வையில் ஒரு மதிப்பீடு

ஹெலிகாப்டரில் டிரான்ஸ்பாண்டர், ரேடியோ ஆல்டிமீட்டர் போன்ற புதிய மின்னணுக் கருவி பொருத்தப்படும்போது, விமான மின்னணுப் பணிகளுக்கான பி2 உரிமம் பெற்ற பொறியாளராக அந்த வேலையை மேற்பார்வையிட்டு, இறுதியில் பறப்புக்கு விடுவிக்கும் சான்றிதழில் கையெழுத்திடுவது என் பொறுப்பு. வயர்களை இணைக்கும் கனெக்டரின் கூடு ஒருமுறை மூடப்பட்டுவிட்டால், உள்ளே வயர் நுனிகளில் இருக்கும் சிறு உலோகப் பின்கள் ஒவ்வொன்றும் வயரைச் சரியாகப் பற்றியிருக்கின்றனவா என்பதை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே என் கையெழுத்தின் கனத்தில் பாதியைத் தாங்குவது, பின்னை வயரின் மீது அழுத்திப் பிணைக்கும் கிரிம்பிங் கருவிதான்.

பெல் 407 போன்ற ஹெலிகாப்டரில் நான்கு இறக்கைகள் கொண்ட ரோட்டர் நிமிடத்துக்கு 413 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு ஏறக்குறைய 27 துடிப்புகள், பறக்கும் நேரம் முழுவதும், வயர்க்கற்றையின் ஒவ்வொரு இணைப்பையும் உலுக்கிக்கொண்டே இருக்கின்றன. தரையில் மல்டிமீட்டர் சோதனையில் தேறிய தளர்ந்த கிரிம்ப், வானத்தில் விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும். அப்படிப்பட்ட பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பதைப் போல நேரம் தின்னும் வேலை வேறில்லை.

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள டேனியல்ஸ் நிறுவனம் தயாரிக்கும் ஏஎஃப்எம்8, எம்22520/2-01 என்ற ராணுவத் தர எண்ணைக் கொண்டது. 20 முதல் 32 கேஜ் வரையிலான வயர்களுக்கு உரியது (கேஜ் எண் கூடக் கூட வயர் மெல்லியது). இதன் சிறப்பு, கைப்பிடியைப் பாதியில் பின்வாங்க விடாத ராட்செட்டில் இருக்கிறது. அழுத்தம் முழுமையடையும் வரை கைப்பிடி திறக்காது என்பதால், புதியவர் கையானாலும் களைத்த கையானாலும் அரைகுறை அழுத்தத்துக்கு இடமே இல்லை.

ஆனால் எந்த கேஜ் வயர் உள்ளே நுழைந்திருக்கிறது என்பது கருவிக்குத் தெரியாது. அழுத்த ஆழத்தை மாற்றும், எட்டு நிலைகள் கொண்ட குமிழை, பின்னைச் சரியான இடத்தில் நிறுத்தும் பொசிஷனர் என்ற துணைக்கருவியின் தகட்டில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து நாம்தான் திருப்ப வேண்டும். ஒருமுறை, 20 கேஜுக்கு வைத்த எண்ணிலேயே 24 கேஜ் வயர்களும் அழுத்தப்பட்டிருந்ததை, மாதிரிப் பின் ஒன்றை இழுத்துப் பார்த்தபோதுதான் கண்டேன். வயர் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அன்று காலை போட்ட பின்கள் அனைத்தையும் வெட்டியெறிந்து மறுபடி போடச் சொன்னேன். அதன் பிறகு, குமிழின் எண்ணையும் பொசிஷனரின் எண்ணையும் ஜாப் கார்டில் எழுதாமல் யாரும் வேலையைத் தொடங்க நான் அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு பின்னின் சோதனைத் துளையிலும் வயரின் செப்பு இழைகள் தெரிகின்றனவா என்று பார்ப்பதும் அப்போதிருந்து கட்டாயம்.

பராமரிப்பு எளிது. கைப்பிடியை முழுதாக மூடி, அழுத்தும் முனைகளின் இடைவெளியைச் சோதிக்கும் அளவுமானியின் பச்சை முனை தடையின்றி நுழைய வேண்டும், சிவப்பு முனை கடந்து போகக் கூடாது. அளவுமானியை மட்டும் ஒருபோதும் அழுத்திவிடக் கூடாது. உள்ளே எண்ணெய் தெளிப்பதும் கூடாது. இந்தியாவின் விமானப் பராமரிப்பு நிறுவனங்களுக்கான சிஏஆர் 145 விதிகளின்படி, கருவியின் துல்லியத்தைச் சரிபார்க்கும் கேலிப்ரேஷனின் தேதி செல்லுபடியாக இருக்க வேண்டும். அந்தத் தேதி எழுதிய ஒட்டுத்தாள் கிழிந்த கருவியை நான் ஹெலிகாப்டருக்கு அருகிலேயே விடுவதில்லை.

விலை அதிகம், பொசிஷனர்களைத் தனித்தனியாக வாங்க வேண்டும் என்பவை உண்மையான குறைகள். தடித்த மின்வழங்கல் வயர்களுக்கு இதன் அண்ணனான ஏஎஃப்8 தேவைப்படும். வளைய முனையங்களுக்கு வேறு கருவியே வேண்டும். கருவிப் பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் அழுத்துவதும் சிரமம்தான். இயன்றவரை வயர்க்கற்றையை மேசையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. வாங்குவோர் அளவுமானியையும் சேர்த்தே வாங்கட்டும்.